கடலுக்கு அடியிலுள்ள நிலமும் பொதுநிலமே: யாழ்ப்பாண மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுத் தலைவர், நாடாளுமன்ற உறுப்பினர்கள், மாவட்டச் செயலாளர், பிரதேச செயலாளர்கள், திணைக்களத் தலைவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் தீவகத்தைச் சூழ்ந்த ஆழங்குறைந்த கடலிலும் கடலட்டைப் பண்ணை உட்பட எந்தப் புதிய பண்ணைக்கும், எந்தப் புதிய கட்டுமானத்துக்கும் இடம் ஒதுக்குவதை, அந்தக் கடற்பரப்பு முழுவதையும் ஒரே பரப்பாகக் கொண்டு ஆராய்ந்து அதன் முடிவைத் தமிழில் பகிரங்கப்படுத்தும் வரை நிறுத்திவைக்குமாறு உங்களைக் கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். கடலடியை வாரிச்செல்லும் இழுவைமடி வலையைத் தடைசெய்யும் 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தை அயல்நாட்டுப் படகுகளுக்கு மட்டுமன்றி எமது மாவட்டத்துப் படகுகளுக்கும் பிரயோகிக்குமாறு கேட்பதும் இதன் நோக்கம். வேறு வேறு கோரிக்கைகளாகத் தோன்றினாலும் இவ்விரண்டும் ஒரே நிலத்தைப் பற்றியவை. அது கடலுக்கு அடியிலுள்ள நிலம். அதற்கு உறுதி எழுதப்படவில்லை, வேலி போடப்படவில்லை என்பதால் அது எவருக்கும் சொந்தமில்லாத வெறும் தரை என்ற எண்ணம் எமது அலுவலகங்களில் நீண்டகாலமாக நிலைத்திருக்கிறது.

நான் தீவகத்தில் பிறந்தவன். பாடசாலைகளில் உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். என் உறவினருள் கடற்றொழில் செய்தவர்களும் உண்டு, புகையிலைக் கமம் செய்தவர்களும் உண்டு. கடற்கரையில் ஒதுங்கும் சாதாளையை வண்டில்களில் ஏற்றிவந்து தோட்டத்தில் தாழ்த்த குடும்பங்களிலிருந்து வந்தவர்களுக்கு, கடலின் அடியில் விளைவதற்கும் தரையில் விளைவதற்கும் உள்ள தொடர்பைப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாக்கு நீரிணையை ஒட்டிய எமது கடல் ஆழமற்றது. பல இடங்களில் பத்து மீற்றருக்கும் குறைவான ஆழமே இருப்பதால் வெயில் அடிவரை சென்று சேர்கிறது. அதனாலேயே அங்கே சாதாளை என்று நாம் அழைக்கும் கடற்புல் பரந்து வளர்கிறது. மண்ணுக்குள் ஓடும் தண்டுகளால் அது சேற்றைப் பிடித்துவைக்கிறது, அலையின் வேகத்தைத் தணிக்கிறது, நீரைத் தெளியவைக்கிறது. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் அதன் இடுக்குகளில் ஒளிந்து வளர்கின்றன. ஓரா மீன் அதனையே மேய்ந்து வாழ்கிறது. கடலட்டையின் குடம்பிகள்கூட முதலில் வந்து ஒட்டிக்கொள்வது கடற்புல்லின் இலைகளில்தான். மண்டைதீவு, அல்லைப்பிட்டி, குருநகர், நாவாந்துறை, அரியாலை, பூநகரி எனக் கடனீரேரியைச் சுற்றியுள்ள ஊர்களில் பெரிய படகு வாங்க வசதியற்றவர்கள் கடலில் தடியூன்றி வலை கட்டும் களங்கட்டியாலும், மீன்கூட்டாலும், வீச்சு வலையாலும், நண்டு வலையாலும் சீவிப்பது இந்தப் புல்லின் தயவில்தான். இடுப்பளவு நீரில் நடந்து மட்டியும் இறாலும் பொறுக்கும் பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் எந்தக் கடற்றொழில் பதிவேட்டிலும் இல்லை. நீங்கள் ஓர் ஏக்கர் கடலை ஒருவருக்கு ஒதுக்கும்போது அந்த ஏக்கரில் எவரும் தொழில் செய்யவில்லை என்று கோவையில் எழுதப்படுவது இதனால்தான் இலகுவாகிறது.

இழுவைமடி இந்த நிலத்துக்கு என்ன செய்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். வலையின் வாயை விரித்துப் பிடிக்கும் கனத்த பலகைகளும் அடிக்கயிற்றின் பாரமும் தரையை உரசிக்கொண்டே செல்லும்போது புல் வேரோடு பெயர்கிறது. கிளம்பும் சேறு படிந்து, பெயராது தப்பிய புல்லும் ஒளியின்றி மடிகிறது. பிடிபடுவதில் பெரும்பங்கு விலைபோகாத குஞ்சு மீன். அது கோழித் தீவனத்துக்குப் போகிறது. போர்க் காலத்தில் எமது மக்களுக்குக் கடல் மூடப்பட்டிருந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டின் இழுவைப் படகுத் தொழில் வளர்ந்து, எமது கரைவரை வந்து பழகிவிட்டது. 2009 க்குப் பின்னர் எமது தொழிலாளர்கள் மீண்டும் கடலுக்கு இறங்கியபோது, கிழமையில் மூன்று இரவுகள் வலையைக் கரையில் வைத்துவிட்டு வீட்டில் இருக்க வேண்டிய நிலைக்கு வந்து சேர்ந்தார்கள். இறங்கினால் வலை அறுபடும், அறுபட்ட வலைக்கு நட்டஈடு தருவாரில்லை. ஏப்ரல் 15 முதல் யூன் 14 வரை தமிழ்நாட்டில் நடைமுறையிலிருக்கும் 61 நாள் தடைக்காலமே எமது கரைகளுக்கும் ஆறுதலான காலமாக இருப்பது, எமது கடலின் அமைதி வேறொருவரின் நாட்காட்டியில் தங்கியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

அந்தப் படகுகளில் கூலிக்கு வேலை செய்பவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. அவர்களும் ஏழைகள், பிடிபட்டால் சிறையிருப்பவர்கள் அவர்களே, படகு முதலாளிகள் அல்லர். இழுவைப் படகுகளைக் கைவிட்டு ஆழ்கடல் தொழிலுக்கு மாறுவதற்கு இந்திய அரசு 2017 இல் தொடங்கிய திட்டம் எதிர்பார்த்த வேகத்தில் நகரவில்லை. ஆயினும் இன்னொரு செய்தியையும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். 2022 செப்டெம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரமாகப் பாக்கு நீரிணையில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக்களுக்கான பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசு உண்பதும் இதே கடற்புல்லைத்தான். அக்கரையில் காக்கத்தக்கது என்று ஓர் அரசு அறிவித்த அதே புல் இக்கரையில் இரவோடு இரவாக வாரி எடுக்கப்படுவதைப் பற்றி, கைதுகளையும் விடுதலைகளையும் மட்டுமே பேசும் இரு நாட்டுப் பேச்சுவார்த்தைகளில் எவரேனும் எடுத்துச்சொல்ல வேண்டும். அவ்விடயத்தை நிகழ்ச்சிநிரலில் சேர்க்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஆனால் அக்கரையை நோக்கி விரல் நீட்டும் உரிமையை நாம் முழுமையாகப் பெறவேண்டுமானால் முதலில் எமது படகுத் துறைகளைப் பார்க்க வேண்டும். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்துக்கு 2017 யூலையில் நிறைவேறிய திருத்தம், அப்போதைய யாழ்ப்பாண மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர் எம். ஏ. சுமந்திரன் தனிநபர் பிரேரணையாகக் கொண்டுவந்தது. இலங்கைக் கடலில் இழுவைமடித் தொழிலை அது முற்றாகத் தடைசெய்கிறது. படகின் சொந்தக்காரர் எந்த ஊரவர் என்று அது பார்க்கவில்லை. இருந்தும் எமது மாவட்டத்திலேயே இழுவைமடிப் படகுகள் தொடர்ந்து தொழிலில் ஈடுபட்டு வந்திருக்கின்றன. அவற்றை நம்பியிருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன என்பதும், திடீரென நிறுத்தினால் கடன் கழுத்தை நெரிக்கும் என்பதும் உண்மை. ஆகவேதான் வெறுமனே பறிமுதல் செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. மாற்றுத் தொழிலுக்கான வலைகளும் இயந்திரங்களும் கடனும் கால அட்டவணையோடு வழங்கப்பட வேண்டும். அந்த அட்டவணையின் இறுதி நாளுக்குப் பின்னர் சட்டம் விதிவிலக்கின்றி நடைமுறைப்படுத்தப்பட வேண்டும். வாக்குகளை எண்ணிப் பேசாதிருப்பது இதுவரை எல்லாக் கட்சிகளுக்கும் வசதியாக இருந்திருக்கிறது. அந்த வசதிக்கு விலை கொடுப்பவர்கள் களங்கட்டிக்காரர்கள்.

இனிக் கடலட்டைப் பண்ணைகள். இதனைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஏனெனில் இவ்விடயத்தில் எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் பாதி உண்மையையே பேசுகிறார்கள்.

கடலட்டை தீங்கான உயிரினம் அன்று. அது மண்ணை உண்டு, அதிலுள்ள அழுகிய கழிவைச் செரித்து, தூய மண்ணாக வெளியேற்றுகிறது. அது நிறைந்திருந்த காலத்தில் எமது கடலடி வளமாக இருந்தது. இறால் பண்ணையைப் போல வெளியிலிருந்து தீவனம் கொட்டவேண்டிய தேவை இதில் இல்லை. சீனாவிலும் ஹொங்கொங்கிலும் உலர்த்திய அட்டைக்கு நல்ல விலை கிடைக்கிறது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த ஒரு தீவு நாடு டொலர் தரும் தொழிலைத் தேடியது இயல்பானதே. அதே ஆண்டு யூனில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு ஆகிய மாவட்டங்களில் 5,000 ஏக்கர் பரப்பில் கடலட்டை வளர்க்கும் திட்டத்துக்கு அமைச்சரவை அங்கீகாரம் வழங்கியது. இரண்டு மாதங்களின் பின்னர், ஓகஸ்டில், மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. எஞ்சினைத் தூக்கி வீட்டில் வைத்துவிட்டு நின்ற ஒரு தொழிலாளிக்கு, கரையருகே அரை ஏக்கரில் பண்ணை தருகிறோம் என்ற பேச்சு எத்துணை ஆறுதலாகக் கேட்டிருக்கும் என்பதை நான் உணர்கிறேன். பண்ணை வைத்துக் கடனைத் தீர்த்த குடும்பங்களை நானும் அறிவேன். அவர்களுடைய வருமானத்தைக் கெடுக்க இம்மடல் எழுதப்படவில்லை.

சிக்கல் அட்டையில் இல்லை, வேலியில் இருக்கிறது. பண்ணை என்பது ஆழங்குறைந்த கடலில் தடிகளை ஊன்றி வலையால் அடைத்த ஒரு வளவு. ஒரு வளவு ஒரு குடாவில் இருந்தால் நீரும் மீனும் சுற்றிப் போகும். ஒரு குடா முழுவதும் வளவுக்குப் பக்கத்தில் வளவாக அடைபட்டால், வற்றுப்பெருக்கோடு கரைக்கு ஏறி இறங்கும் இறாலின் வழி மறிபடுகிறது. பாசி படிந்த வலைகள் நீரோட்டத்தைத் தணித்து, சேற்றைத் தேங்கவைக்கின்றன. தலைமுறைகளாகக் களங்கட்டி நின்ற பாடுகள் என்னும் தொழிலிடங்கள் செயலிழக்கின்றன. படகு ஒதுங்கும் வழி வளைந்து நீள்கிறது. இரவிற் காவற்கொட்டில்களில் எரியும் வெளிச்சத்தால் மீன் கரைக்கு வருவதில்லை என்று தொழிலாளர்கள் முறையிடுகிறார்கள். பூநகரியின் கிராஞ்சியில் மக்கள் 2022 இல் தொடர் போராட்டத்தில் அமர்ந்ததற்குக் காரணம் அட்டைமீது வெறுப்பன்று. தங்கள் முன்றிலில் இருந்த கடல் தங்களைக் கேளாமல் வேறொருவரின் வளவாக மாறியதே காரணம். எத்தனை ஏக்கரை அந்தக் குடா தாங்கும் என்பதற்கு ஓர் எல்லை இருக்க வேண்டும். அந்த எல்லையை ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நூறாவது விண்ணப்பமும் முதலாவதைப் போலவே அரை ஏக்கர்தான்; ஆனால் கடலுக்கு அது நூறாவது.

இந்த நாடு இதே பாடத்தை ஒருமுறை பெரும் விலை கொடுத்துப் படித்திருக்கிறது. 1980 களிலும் 1990 களிலும் புத்தளம், சிலாபம் கரையோரத்தில் இறால் பண்ணைகள் கண்டல் காடுகளை அழித்துக்கொண்டு பெருகின. ஒவ்வொரு பண்ணைக்கும் தனித்தனியே நியாயம் இருந்தது. மொத்தத்தை எவரும் கணக்கிடவில்லை. நல்ல நீரை எடுத்ததும் கழிவு நீரை விட்டதும் ஒரே ஒல்லாந்தர் கால்வாயில். 1996 இல் வெண்புள்ளி நோய் வந்தபோது அந்தக் கால்வாய் வழியாகவே அது பண்ணைக்குப் பண்ணை தாவியது. கைவிடப்பட்ட குளங்கள் உப்புப் படிந்து, கமத்துக்கும் உதவாமல், கண்டலும் திரும்ப முளைக்காமல், இன்றுவரை அங்கே கிடக்கின்றன. முதல் போட்டவர்கள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். அவ்வூர் மீனவர்கள் போவதற்கு வேறு களப்பு இருக்கவில்லை.

எமக்கு இன்னும் அருகில் மன்னாரின் விடத்தல்தீவு இருக்கிறது. கண்டலும் கடற்புல்லும் சேர்ந்த 29,180 ஹெக்டேர் பரப்பு 2016 இல் இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2024 இல் அதன் ஒரு பகுதியை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக ஒதுக்கத்திலிருந்து நீக்கி வர்த்தமானி வெளியானது. சுற்றாடல் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டியதாயிற்று. கண்டல் மீளுருவாக்கத்துக்காக ஐக்கிய நாடுகள் சபை இலங்கையை உலகுக்கு முன்மாதிரியாக அறிவித்ததும் அதே 2024 இல்தான். மண்டைதீவில் 2025 செப்டெம்பரில் பணி தொடங்கப்பட்ட சர்வதேச கிரிக்கெட் மைதானத்தைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். எமது பிள்ளைகளுக்கு ஒரு நல்ல மைதானம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. கடனீரேரியின் நடுவிலுள்ள தாழ்ந்த தீவொன்றில் அதைக் கட்டும்போது வெள்ள நீர் எங்கே வடியும், கழிவு நீர் எங்கே போகும், சுற்றியுள்ள கண்டலுக்கு என்ன ஆகும் என்ற ஆய்வு எம் கைகளில் தமிழில் தரப்பட வேண்டும் என்பதே நான் கேட்பது.

மற்றவற்றைச் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். வடமராட்சி கிழக்கில் மணற்காடு முதலான இடங்களில் மணல் மேடுகள் களவாக அள்ளப்படுகின்றன. 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை ஏறிய கரை அது. பண்ணை, பொன்னாலை என்னும் இடங்களிலுள்ள பாலங்களினதும் வேலணை புங்குடுதீவுப் பாலத்தினதும் நீளத்துக்கு ஏற்ற மதகுகள் இல்லாமையால் நீரோட்டம் தடைப்படுவதைக் கரையிலுள்ளவர்கள் நீண்டகாலமாகச் சொல்லிவருகிறார்கள். புதிய மதகு வைப்பதற்குப் பெரிய முதலீட்டாளர் தேவையில்லை. 2024 இல் திறக்கப்பட்ட தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் தாகம் தீர்க்கிறது. அது திருப்பி விடும் செறிந்த உப்பு நீரின் அளவையும் அது சேருமிடத்தின் நிலையையும் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடுவது தொழிலாளர்களின் அச்சத்தை நீக்கும், அல்லது அதற்குக் காரணம் இருந்தால் காட்டிக்கொடுக்கும். 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் குறுமணிகள் இருந்தன. அவ்வழக்கில் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2025 யூலையில் உத்தரவிட்டது. கேரளத்துக்கு அப்பால் 2025 மே மாதம் மூழ்கிய இன்னொரு கப்பலின் குறுமணிகள் அடுத்த மாதமே மன்னார் முதலான வட கரைகளில் ஒதுங்கின. அடுத்த கப்பல் மூழ்கும்போது எமது கரையை எவர், எந்தப் பொருட்களோடு, எத்தனை மணிநேரத்தில் துப்புரவு செய்வார் என்ற திட்டம் ஒவ்வொரு கரையோரப் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், தரைப்பக்கம் 300 மீற்றரையும் கடற்பக்கம் 2 கிலோமீற்றரையும் தனது வலயத்துக்குள் கொண்டுவந்து அனுமதியைக் கட்டாயமாக்குகிறது. ஆயினும் மீனுக்கு ஒரு திணைக்களம், பண்ணைக்கு ஓர் அதிகார சபை, கரைக்கு ஒரு திணைக்களம், கண்டலுக்கு வனத் திணைக்களம், மாசுக்கு இன்னோர் அதிகார சபை, ஆய்வுக்கு நாரா எனப்படும் தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனம் என்று கடல் பல அலுவலகங்களுக்குப் பங்கிடப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் அலுவலகமும் தன் பங்குக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதும்போது மொத்தத்தில் ஆட்சேபனை உண்டா என்று கேட்பதற்கு எவரும் இல்லை. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின்னர் மக்கள் தெரிவு செய்த ஒரு மாகாண அவையும் இல்லை. இத்திணைக்களங்கள் அனைத்தும் ஒரே மேசையில் அமரும் இடம் இப்போது உங்கள் குழு மட்டுமே. அதனால்தான் அமைச்சுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கேட்பது இதுதான். இன்றுவரை வழங்கப்பட்ட பண்ணைகள், அவற்றின் எல்லைகள், பயனாளிகள், அனுமதி முடியும் திகதிகள் ஆகியவற்றை ஒரே வரைபடத்தில் குறித்து, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் சமாசத்துக்கும் பொதுமக்களுக்கும் வெளியிடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் இருக்கும் நாட்டில் இதற்காக எவரும் விண்ணப்பம் எழுதிக் காத்திருக்கக் கூடாது. நாராவையும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கடற்றொழில் துறையையும் கொண்டு, கடற்புல் எங்கே இருக்கிறது, எங்கே அழிந்தது, நீர் எவ்வழி ஓடுகிறது, ஒவ்வொரு குடாவும் எத்தனை பண்ணையைத் தாங்கும் என்பதை அளவிடச் செய்யுங்கள். அந்த ஆய்வில் களங்கட்டிக்காரர்களும் மட்டி பொறுக்கும் பெண்களும் தகவல் தருபவர்களாக மட்டும் அல்லாமல் முடிவில் ஒப்பமிடுபவர்களாகவும் இருக்க வேண்டும். அளவீடு முடிந்த பின்னர் இடமிருந்தால், அந்தந்தக் கரையில் வாழும் சிறுதொழிலாளர்களுக்கு முதலில் கொடுங்கள். இடமில்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். இப்போதுள்ள பண்ணைகள் அதுவரை தம் பாட்டில் இயங்கட்டும்.

அபிவிருத்தியை எதிர்ப்பவர்கள் என்ற பெயர் இப்படிக் கேட்பவர்களுக்கு இலகுவாகச் சூட்டப்படுகிறது. மீன் குறைந்த கடலில் அட்டைப் பண்ணையும் நெடுநாள் நிலைக்காது. புல் அழிந்தால் அட்டைக் குஞ்சுக்கும் ஒட்டிக்கொள்ள இலை இல்லை. பண்ணைக்காரரும் களங்கட்டிக்காரரும் ஒரே ஊரின் ஒரே சங்கத்து உறுப்பினர்களாக இருக்கும் இடங்களில், இவர்களை இரு பக்கமாக நிறுத்திவைத்துக்கொண்டு முடிவெடுப்பது எவருக்கும் நன்மை தராது.

உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இவ்விடயத்தைத் தனி உருப்படியாகச் சேர்த்து, சமாசத்தின் பிரதிநிதிகளைப் பேச அழைத்து, எடுக்கப்படும் முடிவைக் கூட்டக் குறிப்போடு தமிழில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை புதிய அனுமதிக் கோவைகள் எதுவும் ஒப்பமிடப்படாது என்ற எழுத்துமூல அறிவித்தலை, ஒவ்வொரு கரையோரக் கிராம அலுவலர் அலுவலகத்தின் அறிவித்தற் பலகையிலும் இடச்செய்யுங்கள்.

இங்ஙனம்,
தீவகத்திலிருந்து ஓர் ஓய்வுநிலை ஆசிரியர்,
யாழ்ப்பாணம்.